பாதியில் தட்டிய கை

சாலவாக்கத்தில் கோயில் முதல் மரியாதை வாங்கும் குடும்பத்துப் பிள்ளை, ஜாஸ் என்ற பெயரில் கிட்டார் கம்பியைச் சுரண்டிப் பிழைப்பதைக் கன்னியப்பன் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. இப்போது மகன் தினேஷ்குமார், ஏதோ இசை விழா மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக விட்டிருந்தான். அதை வீட்டில் யாரும் போடக் கூடாதென்று உத்தரவு.

போட்டது வெளியாள். தன் மகள் அனுப்ரியாவுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க ஐயங்கார்குளத்திலிருந்து வந்திருந்த பன்னீர்செல்வம், காபி டம்ளரை வைத்துவிட்டு செல்போனை எடுத்தார்.

"பொண்ணு இதயேதான் கேட்டுக்கினு கீது. நீங்களும் கேளுங்கண்ணே."

கிட்டார், அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி எங்கெங்கோ போனது. நடுவில் திடீரென்று கைதட்டல். வாசிப்பு நிற்கவில்லை. மறுபடி கைதட்டல், எவனோ விசிலும் அடித்தான்.

கன்னியப்பனுக்குக் காது சுட்டது. உத்திரமேரூர்ப் பொதுக்கூட்டங்களில் அவர் பார்க்காததா? மைக்கைப் பிடித்தவன் விடாமல் அறுத்தால், கூட்டம் பாதியில் கைதட்டித்தான் உட்கார வைக்கும். அந்த அவமானத்தை ஆல்பத்தின் அட்டையில் தகப்பன் பெயரோடு ஊருக்கே விற்றிருக்கிறான். பன்னீர்செல்வமோ சிரித்துக்கொண்டிருந்தார். பெண் தர முடியாதென்று இந்த ஆள் வாயால் கேட்பதா?

"அத்த நிறுத்து. எங்க வூட்ல இப்ப கல்யாணம் பண்ற எண்ணம் இல்ல. கெளம்பலாம்."

"இன்னாண்ணே, நான் தப்பா இன்னா சொன்னேன்?"

"உங்க பழத்தட்ட எடுத்துக்கினு போங்க."

சத்தம் கேட்டு அறையிலிருந்த தினேஷ்குமார் வருவதற்குள் பன்னீர்செல்வம் காரில் ஏறியிருந்தார். தெருவில் காயும் நெல்லை ஆட்கள் ஓரம் தள்ளுவதற்காகக் கார் காத்து நின்றுகொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டதும் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஜாஸ்ல பாட்டு நடுவுலயே ஒவ்வொருத்தர் தன் பங்க வாசிச்சு முடிக்கும்போதும் தட்டுவாங்க நைனா. நல்லாகீதுன்னு அர்த்தம். அவரக் கூப்புடு. அந்தப் பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு."

"பாட்டு முடியறவரிக்கும் பொறுக்காத கூட்டம். அதுக்கு ஒருத்தன் வாசிக்கிறான். மரியாத ரெண்டு பேருக்கும் தெரியல."

"நீ கூப்புடுவியா மாட்டியா?"

போகச் சொன்னவனைத் திரும்ப அழைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கன்னியப்பன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

தினேஷ்குமார் செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினான். கார்க் கதவு திறந்தது, ஏறிக்கொண்டான். கன்னியப்பன் வீட்டுப் பிள்ளை, வெறுங்காலோடு, அடுத்தவன் காரில். அங்கேயும் அந்தக் கண்றாவியைத்தான் போட்டுக் கேட்பார்கள் என்று எண்ணியபடி, கார் திரும்பும்வரை அவர் நிமிர்ந்தே நின்றார்.