கரகம் நின்ற வாசல்

“அந்த ஆள் கால்ல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திப் பாரு, நான் இந்தக் காம்பராவுலயே இருக்க மாட்டேன்!”

“மெல்லப் பேசுடி. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது நீளம்.”

பக்கத்து வீட்டுக்காரி நான்தான். ஒட்டுக்கேட்டேன் என்பது அநியாயம். தேயிலைத் தோட்டத்து லயம் என்றால் ஒட்டி ஒட்டி ஒற்றையறைக் காம்பராக்கள்; எங்கள் நடுச்சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. ஜெயலெட்சுமியும் மகள் மதுஷாவும் சண்டை போட்டால், கேட்காமலிருக்கத்தான் கஷ்டப்பட வேண்டும்.

விசயம் இதுதான். மடுல்சீமைப் பக்கம் கொட்டிய மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு இறங்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள் சுவரில் பெருக்கல் குறியாகச் சிவப்புப் புள்ளடி போட்டு, இங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். கீழ்மலையில் பன்னிரண்டு வீடு கட்டினார்கள். யார் யாருக்கு என்று எழுதிக் கொடுத்தவர் தோட்டத் தலைவர் நல்லையா. முதல் பட்டியலில் பத்தாவதாக ஜெயலெட்சுமி பெயர் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராக் கதவில் ஒட்டிய பட்டியலில் அதே இடத்தில் தலைவரின் மகன் ஜெயகுமார். அவன் கொழும்புவாசி. தீபாவளிக்கு வந்து ரெண்டு நாள் கறுப்புக் கண்ணாடியோடு நடந்துவிட்டுப் போவான்.

எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. பட்டியலில் ஒன்பதாவது பெயர் என்னுடையது, ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் என் வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சலோ என்று பயந்துவிட்டார்.

அதற்குள் மாரியம்மன் திருவிழா வந்தது. கரகம் தூக்குவது யார்? தலைவரேதான். எங்கள் தோட்டத்தில் கரகம் வாசலுக்கு வாசல் நிற்கும். வீட்டுப் பெண் தூக்குகிறவர் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றினால்தான் அடுத்த அடி. ஊற்றாத வாசலைக் கரகம் தாண்டாது. கோயில் போய்ச் சேரும் வரை தலையிலிருந்து இறக்கவும் கூடாது.

மதுஷா பதுளையில் துணிக்கடையில் நிற்கிறவள், விவரமானவள். “இன்னைக்கு விட்டா என்னைக்கும்மா? வாசல்ல நிக்க வச்சுக் கேப்போம். தலையில ஆத்தா இருக்கயில பொய் வருமா? வீட்டத் திருப்பித் தாறேன்னு சொல்லட்டும், ஊத்துவோம்.”

உண்மையைச் சொன்னால் அருமையான யோசனை. எனக்கே சிலிர்த்தது.

ஜெயலெட்சுமி பதில் சொல்வதற்குள் தப்பு மேளச் சத்தம் லயத்தடிக்கு வந்துவிட்டது. என் வாசலில் நான் நல்ல பிள்ளையாக ஊற்றினேன். அடுத்தது அவர்கள் வாசல். மதுஷா மஞ்சள் தண்ணி வாளியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். தண்ணீர் படியில் ஓடிற்று. அவள் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“எங்க பேர வெட்டினது யாரு, தலைவரே? ஆத்தா கேக்கச் சொல்லுங்க.”

தப்பு நின்றது. நல்லையா கரகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரகத்துப் பூ ஆடியது. பூசாரி, “புள்ள, வேண்டாம்மா, கீழ விழுந்தா தோட்டத்துக்கே ஆகாது” என்று கெஞ்சினார். நல்லையாவின் கண் ஜெயலெட்சுமியைத் தேடியது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். வீடு அவள் கைக்கு வந்திருக்கும்.

ஜெயலெட்சுமி வெளியே வந்தாள். மகளைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். என்னைப் பார்த்து, “அக்கா, உங்க செம்பக் குடுங்க” என்றாள்.

மிச்சமிருந்த தண்ணியோடு கொடுத்தேன்.

“அம்மா!” என்று மதுஷா கத்தினாள். “நம்ம வீடும்மா!”

“ஆத்தாள வழிமறிச்சு வீடு வாங்கச் சொல்றியா? அவ நியாயத்த அவ பாத்துக்குவாடி. நான் கழுத்தப் புடிச்சா கேப்பேன்?”

குனிந்து ஊற்றினாள். நல்லையா முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கரகத்தைப் பார்த்து, “தாயே, என் காம்பரா உனக்குத் தெரியும்” என்றாள். அவ்வளவுதான். தப்பு அடித்தது, கரகம் போயிற்று, வீடும் போயிற்று.

அப்புறம் நான் காத்திருந்தேன். தலைவருக்கு ஏதாவது வரும் என்று. ஒரு தும்மல், தடிமன்கூட வரவில்லை. மறுபடியும் அவரே தலைவர். முற்றத்தில் புது மோட்டார் சைக்கிள். மழை வலுத்த நாளெல்லாம் தாயும் மகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பொறுக்க மாட்டாமல் கேட்டேன்:

“என்ன லெட்சுமி, ஆத்தா தூங்கிட்டாளா?”

“நான் அவ கையில குடுத்தாச்சுக்கா. எப்ப, எப்படின்னு விசாரிக்கிறது உங்க வேல.”

குத்திவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

இந்த வருசம் கரகத்துக்கு நல்லையாவைக் கேட்டபோது முழங்கால் வலி என்றார். அதே வாரம் மலை உச்சிவரை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அந்த லயத்தடிப் பக்கம் மட்டும் அவர் வருவதில்லை.

மதுஷா அம்மாவோடு பேச மூன்று மாதமாயிற்று. பிறகு ஸ்பிரிங்வெளியில் கொழுந்து லொறி ஓட்டும் ஜெயரூபனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்த கையோடு தாயையும் கூட்டிப் போய்விட்டாள். ஜெயகுமார் ஹல்துமுல்லைப் பெண் துஷாந்தினியைக் கட்டிப் பத்தாம் நம்பரில் குடிவைத்தான். அவளுக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லையாம். கட்டின நாலாம் மாதம் இருவரும் கொழும்புக்கே போய்விட்டார்கள். நான் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்தாம் நம்பர் பூட்டியே கிடக்கிறது.