பொம்மையின் சம்மதம்

நர்சிங் பிரிவின் பயிற்சிப் பொம்மையிடம் "கையைப் பிடிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். சம்மதித்தால் மட்டுமே தொடலாம். எங்கள் கல்லூரியில் சம்மதம் பற்றிய பயிற்சி இப்படித்தான் நடந்தது. பொம்மை பேசவில்லை. பேசாமலிருப்பது சம்மதமாகாது என்று புகார்க் குழுத் தலைவி சொல்லிக்கொடுத்திருந்தார். எனவே காலையில் ஒருவரும் தேறவில்லை.

மதியம் பொம்மைக்குக் குரல் கொடுக்க என்னை அனுப்பினார்கள். நான் ஆய்வக உதவியாளன். மனைவி இறந்தபின் அதிகம் பேசுவதில்லை. அதுதான் தகுதி என்றார்கள். அரங்க மேடையில், பொம்மைக்குப் பின்னாலிருந்த திரை மறைவில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதலில் கல்லூரிக் கிரிக்கெட் அணியின் கேப்டன் வந்தான். நூலகத்தில், வேண்டாமென்று சொல்லியும் கையைப் பிடித்து இழுத்தான் என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அவன்மேல் புகார் கொடுத்திருந்தாள். அவன் பயிற்சியில் தேறிவிட்டால் புகாரை முடித்துவிடலாம் என்பது முதல்வரின் யோசனை. அவள் முன்வரிசையில் இருந்தாள்.

"மேடம், கையப் பிடிக்கலாமா?"

"வேணாம்," என்றேன்.

"ஏன் மேடம்? நான் நல்ல பையன் மேடம்."

"வேணாம்."

"பொம்மையே உன்னைக் கழட்டி விட்டுடுச்சு மச்சான், இறங்கு!" என்றது பின்பெஞ்சு.

முதல்வர் திரைக்குப் பின்னால் வந்தார். "யோவ், ஒரு தடவ சரின்னு சொல்லித் தொலையேன்."

"அவங்களுக்கு இஷ்டமில்ல சார்."

"எவங்களுக்கு?"

"பொம்மைக்கு."

"உன்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்?"

"சரின்னும் சொல்லலையே சார்."

உச்சுக்கொட்டினார். மனைவி போனதிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். பிறகு அவரே மண்டியிட்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்தி, கீச்சுக்குரலில் "சரிங்க" என்றார்.

கேப்டன் லபக்கென்று கையைப் பிடித்தான். கைதட்டல்.

"புகார் முடிஞ்சுது," என்று முதல்வர் கிசுகிசுத்தார்.

நான் எழுந்து திரையை விலக்கினேன்.

அரங்கம் மண்டியிட்டவரைப் பார்த்தது.

"மேடம், மீசை சூப்பர்!" என்றான் ஒருவன்.

புகார் கொடுத்தவள் எழுந்தாள். சிரிக்கவில்லை. "எனக்கும் சேத்து நீங்களே சரின்னு சொல்லிட்டீங்களா சார்?"

முதல்வர் கைக்குட்டையை மடித்தார். குழுத் தலைவி மைக்கை வாங்கினார். "இவன் தேறல. புகார் விசாரணைக்கு வருது. அந்த 'சரி'யையும் சேத்தே விசாரிப்போம்."

கேப்டன் இன்னும் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கைய விடுடா," என்றாள் அவள்.

அவன் முதல்வரைப் பார்த்தான்.