ஒன்றைக் கூட்டு

நாலாம் மாடியில் இருந்த அந்த அறைக்குக் கேள்விகள் பிழைக்க வருவதில்லை, முடிந்துபோகவே வந்தன. ஆறு மேசை, மூன்று ஜன்னல், அவற்றில் ஒன்று எவ்வளவு முட்டினாலும் திறக்காது. சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஆளுக்கோர் எண் ஓடிக்கொண்டிருக்கும்: இன்று யார் எத்தனை கேள்வியை மூடினார் என்பது. ஆறு ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் முதலிடத்தை விட்டுக்கொடுக்காதவளுக்கு உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் பூட்டு. நேரில் கூப்பிடும்போது மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துப் பூட்டக்கா என்பார்கள்.

இணையப் பக்கம் கட்டிக்கொள்ளும் கருவியை விற்கிற நிறுவனம் அது. வாங்கியவர்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் நிறுவனத்தின் கேள்விப் பலகையில் வந்து கேட்பார்கள். பொத்தானை நடுவில் வைப்பது எப்படி? என் கணினியில் ஓடுகிறது, அவர் கணினியில் ஓடவில்லையே, ஏன்? எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே? மாற்றினேன், மாறவில்லை, என்ன செய்ய? கேட்கிறவனுக்கு அது அன்றைக்குப் பிறந்த துயரம். பூட்டக்காவுக்கோ காலையிலிருந்து நாற்பதாவது முறை. பழைய கேள்வியைப் போல இருந்தால் பழைய பதிலின் இணைப்பை ஒட்டு, ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று முத்திரை குத்து, பூட்டு. இதுதான் விதி. ஒரு கேள்விக்கு அவளுக்கு ஆகிற நேரம் சராசரியாகப் பதினொரு நொடி.

சேர்ந்த புதிதில் அவள் இப்படி இருந்தவளில்லை. ஒவ்வொருவருக்கும் உதாரணம் எழுதி, எங்கே தவறு, ஏன் தவறு என்று பக்கம் பக்கமாக விளக்குவாள். அப்போது நாளுக்கு நாற்பது கேள்வி போதும். பிறகு எண்பது என்றார்கள். இப்போது நூற்று நாற்பது. எண் ஏற ஏறச் சொல் குறைந்தது. சொல் குறையக் குறைய இரக்கமும் குறைந்தது. கேட்கிறவன் முட்டாள் என்று ஒரு காலத்தில் ஏட்டைக் கையில் வைத்திருந்தவன் சொன்னான். இன்று இணைப்பைக் கையில் வைத்திருக்கிறவன் சொல்கிறான். வாசல்தான் மாறியிருக்கிறது, தாழ்ப்பாள் அதேதான். அந்தத் தாழ்ப்பாளைப் போடுகிற கைக்கும் வலிக்கும் என்பதை மட்டும் எவரும் கேட்டதில்லை. அவள் வலது மணிக்கட்டில் ஆறு மாதமாகப் பட்டை சுற்றியிருந்தது.

அன்று காலாண்டின் கடைசி நாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மேலாளர் அவள் மேசையில் கையை ஊன்றி நின்றார்.

“உங்க பேருதான்மா போயிருக்கு. அடுத்த மாசத்துலேருந்து கட்டுற பிரிவு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

கட்டுற பிரிவு என்பது ஆறாம் மாடி. அங்கே கேள்வி வராது. கருவியையே செய்கிறவர்கள் இருக்கிற இடம். அங்கே போக அவள் ஐந்து முறை விண்ணப்பித்து ஐந்து முறையும் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பதிலைச் சுமந்து வந்தவள்.

“நிஜமாவா சார்?”

“மூணு மறுதிறப்பு ஆகக் கூடாது, அவ்வளவுதான். உங்களுக்கு ரெண்டு இருக்கு. அஞ்சரை வரைக்கும் எதையும் தொறக்காம உக்காந்திருங்க. பூட்டுக்கு அதுகூடவா கஷ்டம்?” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுதிறப்பு என்றால், ஒருவர் பூட்டிய கேள்வி தவறாகப் பூட்டப்பட்டது என்று மறுபடி திறக்கப்படுவது. அது பூட்டியவர் பெயரில் கரும்புள்ளியாக விழும். காலாண்டுக்கு மூன்று விழுந்தால் அந்த ஆண்டு முழுவதும் இருந்த நாற்காலியிலேயே இருக்க வேண்டியதுதான்.

அடுத்த மேசைக்காரனுக்குக் கண்ணாடி என்று பெயர். போடுவது தடித்த கண்ணாடி, பார்ப்பது எல்லாவற்றையும். பட்டியலில் அவனுக்கு எப்போதும் இரண்டாமிடம்.

“அக்கா, மேல போயிட்டா எங்களை மறந்துடுவீங்க.”

“உன்னை மறக்கறதாவது! கடன்காரனை மறந்தாலும் உன்னை மறக்க முடியுமா?”

“சரி, அந்த நாற்காலியை எனக்கு எழுதி வெச்சுட்டுப் போங்க. என்னோடது ஒரு பக்கம் சாயுது.”

“நீ சாஞ்சு உக்காந்தா அது நிமிந்தா நிக்கும்?”

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அவள் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. தேதி ஒரு நாள் தள்ளிப்போகிறது, உதவுங்கள் என்பது தலைப்பு. அவள் விரல் தானாக நகர்ந்தது. இந்தக் கேள்விக்கு இணைப்பைத் தேடக்கூட வேண்டியதில்லை. அந்தப் பதில் அவளே எழுதியது. எட்டு ஆண்டுகளுக்கு முன், சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு மதிய இடைவேளையில் ஐந்தே நிமிடத்தில் எழுதியது. நாள்காட்டியில் ஐந்தாம் தேதியைத் தொட்டால் நாலாம் தேதி என்று பதிவாகிறதே என்று எவரோ கேட்டிருந்தார். ஒன்றைக் கூட்டு, சரியாகிவிடும் என்று ஒரே வரி நிரலைக் கொடுத்திருந்தாள். சரியாகவும் ஆனது. ஒன்பது லட்சம் பேர் படித்த பதில். கீழ்த்தளக் கூடத்தில் நிறுவனத்தின் பெருமைகளோடு அதையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இணைப்பை ஒட்டிவிட்டாள். பூட்டுவதற்கு முன் கேள்வியின் முதல் வரி கண்ணில் பட்டது.

‘மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பூட்டிவிடாதீர்கள்.’

விரல் நின்றது. அவள் படித்தாள்.

‘நான் நிரல் எழுதத் தெரிந்தவள் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பக்கத்தைக் கட்டிக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நீங்கள் காட்டுகிற பதில் எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இத்தனை நாள் ஒழுங்காகத்தான் இருந்தது. போன வாரம் நோயாளிகள் நேரத்தையும் குறிக்கும்படி ஒரு பெட்டியைச் சேர்த்தேன். அதிலிருந்து நேரம் குறித்தவர்களுக்கெல்லாம் மறுநாள் தேதி போகிறது. பதினாலு பேருக்குப் போய்விட்டது. நாளைக்கு வர வேண்டியவர்கள் நாளை மறுநாள் என்று வீட்டில் இருப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் புதிதாகவும் தவறு போய்க்கொண்டே இருக்கிறது. எந்த வரி என்று மட்டும் சொல்லுங்கள்.’

முதல் இரண்டு முறையும் பூட்டியது யார் என்று பார்த்தாள். பார்க்காமலே தெரியும், பார்த்தாள். இரண்டிலும் அவள் பெயர். ஒன்று பத்து நொடி. மற்றொன்று ஒன்பது.

ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு எந்த மருத்துவரும் சொல்ல வேண்டியதில்லை. கணவனின் அக்காள், அவள் அண்ணி என்று அழைக்கிற பெண்மணி, அவள் வீட்டு முன்னறைக் கட்டிலில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறார். வாரம் மூன்று நாள் இதே சிகிச்சைக்குப் போய் வருகிறார். ஒருமுறை இயந்திரம் பழுதென்று ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். அன்றிரவே கால் தூணாக வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, விடியும்வரை தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். அப்போதும் வாய் அடங்கவில்லை. “உன் வீட்டுக்காரன் குறட்டைக்கு நான் முழிச்சிருக்கறதே மேல்,” என்றார்.

பூட்டக்கா ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டாள். கணினி தேதியைப் பதிவது உலகப் பொது நேரத்தில். அந்தக் கடிகாரத்தை விட நம் கடிகாரம் சில மணி நேரம் முன்னே ஓடுகிறது. வெறும் தேதியைத் தொட்டால் கணினி அதை நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். இங்கே ஐந்தாம் தேதி நள்ளிரவு. அங்கே இன்னும் நாலாம் தேதி மாலை. அதனால் ஒன்று குறைகிறது. ஒன்றைக் கூட்டினால் சரியாகிறது. ஆனால் காலை ஒன்பது மணி என்று நேரத்தையும் குறித்துவிட்டால் அங்கேயும் ஐந்தாம் தேதிதான். குறையாத இடத்தில் கூட்டினால் ஆறு. அவள் எழுதியது மருந்தே இல்லை. வலி தெரியாமல் இருக்கக் கட்டிய துணி. நோய் எட்டு ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது.

“என்னக்கா, பூட்டு மக்கர் பண்ணுதா?” கண்ணாடி நாற்காலியோடு உருண்டு வந்தான். படித்தான். சிரிப்பை நிறுத்தினான்.

“என் பதில்தான்டா தப்பு.”

“தனிச் செய்தியில சொல்லிடுங்க. அந்தம்மாவுக்கு வேண்டியது வழிதானே? கேள்வி பூட்டியே கிடக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

அது நல்ல யோசனை. அப்படியே செய்தாள். அந்தக் கூட்டுகிற வரியை எடுத்துவிடுங்கள்; நோயாளிகள் தொட்ட நாள், மாதம், ஆண்டு மூன்றையும் அப்படியே தனித்தனியாக எடுத்துப் பதியுங்கள், கடிகாரத்தின் வழியாக அனுப்பாதீர்கள் என்று மாற்ற வேண்டிய நாலு வரியையும் எழுதி அனுப்பினாள். மூன்றாவது கேள்வியையும் பூட்டினாள். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘சரியாகிவிட்டது. நன்றி அம்மா. ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன். இன்னும் ஐந்து பேர்.’

மணி மூன்றரை. கண்ணாடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒருத்திக்கு வழி கிடைத்தது, இன்னொருத்திக்கு ஆறாம் மாடி. எவர் குடி கெட்டது?

அவள் அடுத்த இருபது கேள்விகளைப் பூட்டினாள். பிறகு, ஏன் என்று தனக்கே தெரியாமல், தன் பழைய பதிலைத் திறந்து கீழே போனாள். ஆயிரம் நன்றிகளுக்குக் கீழே, எவரும் இறங்கிப் பார்க்காத ஆழத்தில், சின்ன எழுத்தில் சில குறிப்புகள். ‘எனக்கு ஒரு நாள் கூடிவிடுகிறதே?’ ‘தேர்வுத் தேதி தவறாகப் போனது.’ ‘நேரம் சேர்த்தால் இது வேலை செய்யாது.’ எண்ணினாள். இருபத்தேழு. அதே சந்தேகத்தைத் தனிக் கேள்வியாகக் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பதும் பூட்டப்பட்டிருந்தன. பதினான்கு அவள் கையால், மற்றவை வேலையை விட்டுப் போனவர்கள் கையால். ஒவ்வொன்றின் தலையிலும் அவள் ஒட்டிய இணைப்பு, கேட்டவர்களை அதே தவறான பதிலுக்கே அழைத்துப் போய் நிறுத்தியிருந்தது. வீடு தீப்பற்றி எரிகிறது என்று ஓடிவந்தவனை, தீ வைத்தவன் வீட்டு விலாசத்தைக் கொடுத்து அனுப்பியது போல.

அறிந்தவர் தவறு செய்வது உலகத்தில் புதிதில்லை. தவறென்று சொல்ல வருகிறவனின் வாயை ‘ஏற்கெனவே சொல்லியாயிற்று’ என்று அடைப்பதும் புதிதில்லைதான். இத்தனை வேகமாக, நொடிக் கணக்கில், அதற்கொரு பட்டியலும் முதலிடமும் வைத்து அடைப்பது மட்டுமே புதிது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்பு, எலும்புவரை இறங்கிய களைப்பு. ஆறாம் மாடிக்குப் போனாலும் அந்த ஒரு வரி இங்கேயே இருந்து நாளொன்றுக்கு முந்நூறு பேருக்குத் தேதி சொல்லிக்கொண்டிருக்கும்.

மணி நாலே முக்கால். வரவேற்பு மேசைக்காரியின் மூன்றாவது கேள்வியில் ‘திற’ என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. ‘தவறாகப் பூட்டினேன்’ என்று எழுதினாள். சுவர்த் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் மூன்றாவது கரும்புள்ளி விழுந்தது.

“அக்கா!” கண்ணாடி எழுந்தே விட்டான். “முக்கால் மணி நேரம்தானே பாக்கி? நாளைக்குத் தொறந்தா என்ன? புள்ளி அடுத்த கணக்குல போயிருக்குமே!”

“நாளைக்கு நான் தொறப்பேன்னு நெனைக்கறியா?”

அவன் மறுபடி உட்கார்ந்தான்.

“எனக்கு என்னைத் தெரியும்டா. மேல போனதும் மறந்துடுவேன். உன்னை மட்டும்தான் மறக்க மாட்டேன்னு சொன்னேன், இதையா சொன்னேன்?”

பிறகு பழைய பதிலைத் திருத்தினாள். ஒன்றைக் கூட்டு என்பதை எடுத்தாள். மேலே எழுதினாள்: ‘இங்கே எட்டு ஆண்டுகளாக இருந்த பதில் தவறு. எழுதியவள் நான். தவறென்று சொன்னவர்களைப் பூட்டியவளும் நான்.’ அதன் கீழே நாள்காட்டி, கடிகாரம், உதாரணம் என்று முன்போலப் பொறுமையாக விளக்கினாள். கை வலித்தது. பட்டையை இறுக்கிக்கொண்டு எழுதினாள். பிறகு பத்தொன்பது கேள்விகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. மூன்றுக்கு மேல் எத்தனை விழுந்தால் என்ன.

மேலாளர் வந்து திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“என்னம்மா இது? தற்கொலையா?”

“கீழ மாட்டியிருக்கற அந்தச் சட்டத்தைக் கழட்டிடுங்க சார்.”

“மேல என்ன சொல்றது நான்?”

“தப்பா இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

“அதை யாரு கேக்கறாங்க?” அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவரும் களைத்தவர்தான். “சரி. ரெண்டாவது பேரு யாருது?” என்று திரையைப் பார்த்தார். கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டான்.

புறப்படும்போது அவன் படிக்கட்டுவரை கூடவே வந்தான். “அக்கா, நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?”

“போடா. எவனாவது ஒருத்தன் அந்த மாடியில இருந்தாத்தான் அந்த நாள்காட்டியை ஒழுங்காக் கட்டுவான். கட்டலைன்னா தெனமும் உன் பேருக்குக் கேள்வி அனுப்புவேன்.”

“அனுப்புங்க. பதினொரு நொடில பூட்டிடறேன்.”

சிரித்தார்கள். இருவருக்கும் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பேருந்தில் நிற்கும்போது கைபேசியில் செய்தி. ‘பதிமூன்று பேரிடம் பேசிவிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்கே போகிறேன். விலாசம் இருக்கிறது.’ பூட்டக்கா அதை இரண்டு முறை படித்தாள். ‘போய்ப் பார்த்ததும் ஒரு வரி எழுதுங்கள்’ என்று எழுதினாள்.

வீட்டில் அண்ணி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? மாடி ஏறப்போறேன்னு காலையில குதிச்சியே?”

“ஏறலை அண்ணி.”

“போகட்டும் விடு. ஏறினா முட்டி வலிக்கும்.” அந்த அம்மாளுக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை; அல்லது தோன்றியும் கேட்கவில்லை. “எனக்கு அடுத்தது என்னைக்குன்னு பாத்துச் சொல்லு. இந்தக் கண்ணுக்கு எதுவும் தெரிய மாட்டேங்குது.”

கைபேசியை எடுத்து மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்தாள். தேதி வந்து நின்றது. வியாழன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தப் பக்கத்தைக் கட்டியவன் எவனோ, எந்தப் பதிலைப் பார்த்துக் கட்டினானோ.

“என்னம்மா, தூங்கிட்டியா?”

“இருங்க அண்ணி. உங்க அட்டை எங்கே? நர்ஸ் கையால எழுதிக்கொடுத்தாங்களே, அந்த அட்டை?”

“தலையணைக்கு அடியில.”

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நீல மை, அவசரக் கையெழுத்து. புதன், காலை ஏழு.

மறுபடி கைபேசியைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

“நாளைக்கு அண்ணி,” என்றாள். “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. ஆறுக்கே எழுப்பறேன்.”

பிறகு செருப்பைக் கழற்றாமலே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மருத்துவமனையின் எண்ணைத் தேடி எடுத்து, மறுமுனையில் எவராவது எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.