கீழே பார்க்கிற பழக்கம்

மூடுபனிக்குள் ஓடுபாதை தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ஜெனோசனுக்கு நன்றாகத் தெரியும். குறித்த உயரம் வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் குரல் கொடுப்பார். தரை தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் 'கோ-அரவுண்ட்' என்று சொல்லி, விசையை முன்னே தள்ளி, வந்த வேகத்தில் மேலே ஏறிவிட வேண்டும். சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம். குரல் வந்தது. ஜெனோசன் வாய் திறக்கவில்லை. கழுத்தை நீட்டிக் கண்ணாடிக்கு வெளியே கீழே பார்த்தான். விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் இருந்த பயிற்றுநர் பொத்தானை அமுக்க, எல்லாம் அந்தரத்தில் நின்றது. நல்ல காலம், அது விமானம் இல்லை. மிசிசாகாவில் ஒரு கட்டடத்துக்குள் இரும்புக் கால்களில் நிற்கிற பயிற்சிப் பெட்டி. அதற்குள் யாரும் சாக மாட்டார்கள், வேலைதான் போகும்.

பயிற்றுநர் அவனைவிட வயதில் குறைந்தவர், மரியாதையான மனிதர். கோப்பியை நீட்டிவிட்டு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "நீ தேடுகிறாய். இங்கே நாங்கள் தேடுவதில்லை. இல்லையென்றால் இல்லை, போய்விட வேண்டும்." செவ்வாய்க்கிழமை இன்னொரு தரம் பார்க்கலாம், அதிலும் இப்படியென்றால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். ஜெனோசன் தலையாட்டினான். விமானப்படையை விட்டு வந்தாகிவிட்டது. இங்கேயும் வேண்டாம் என்றால் இந்த வயதில் எங்கே போய் நிற்பது?

ட்ரென்ரன் விமானப்படைத் தளத்தில் இருந்தவரை அவனுடைய வேலையே தேடுவதுதான். சாம்பல் நிற ஹேர்க்குலிஸ் விமானத்தில் இடது பக்க இருக்கை அவனுடையது. காணாமல்போன படகு, காட்டுக்குள் விழுந்த சின்ன விமானம், பனியில் வழிதவறிய வேட்டைக்காரன் என்று எதுவாக இருந்தாலும் பதிவாக, தரையை ஒட்டிப் பறந்து, வயல் உழுகிற மாதிரி வரிவரியாகப் போய்வந்து, கண் எரியும்வரை கீழே பார்ப்பார்கள். அந்த வேலையில் பார்க்காமல் திரும்பி வருவதுதான் குற்றம். நாளடைவில் இடுப்பு நாரியும் தேய்ந்தது, மனமும் தேய்ந்தது. மனைவி றெபேக்காவும் இனி வீடு மாற மாட்டேன், பிள்ளைகள் அஜக்ஸிலேயே படிக்கட்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். இப்போது அவன் பயணிகள் விமானக் கொம்பனியில் வலது பக்க இருக்கையில், எல்லோருக்கும் கடைசி ஆள். கைகூட மாறிவிட்டது. வலது கை தள்ளிய விசையை இப்போது இடது கை தள்ள வேண்டும்.

401 நெடுஞ்சாலை வழக்கம்போல ஊர்ந்தது. ஸ்காபரோவில் அம்மா சாப்பிட வரச் சொல்லியிருந்தார். போகாமல் விட்டால் ஏன் என்று தொலைபேசி அடித்துத் தொலைப்பார். அம்மா அன்ரனெற் பொய் சொல்லத் தெரியாத மனுசி என்று பங்குக் கோயிலில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மகன் விமானப்படையில் சேர்ந்த அன்றைக்குத்தான் அவருடைய ஒரே பொய் தொடங்கியது. மன்னார்ச் சனத்துக்கு விமானப்படை என்றால் குண்டு போடுகிற பொம்பர்தான், வேறு ஒன்றும் தெரியாது. அது கனடாவின் விமானப்படை என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? அப்பா சீமோனுக்கே விளங்கவில்லை. பட்டமளிப்புக்கு அவர் வரவில்லை, வெகுகாலம் மகனோடு முகம்கொடுத்துப் பேசவும் இல்லை. ஆகவே அம்மா, மகன் எயார்லைனில் பைலற் என்று சொல்லிவிட்டார். சொல்லி வாய் மூடமுதலே சொந்தக்காரர்கள் மலிவு ரிக்கற் கேட்டு வரத் தொடங்கினார்கள். அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது: அவனுடைய கொம்பனி சாமான்தான் ஏற்றுவது, ஆட்களை ஏற்றுவதில்லை.

அவன் கதவைத் திறந்தபோதும் அம்மா தொலைபேசியில்தான் இருந்தார்.

"ஓம் வேரோனிக்கா, இப்ப ஆக்களை ஏத்துற கொம்பனிக்கு மாறிட்டான். ரிக்கற்றோ? அவன் முதல்ல அங்க காலூண்டட்டும். பிறகு கேட்டுப் பாப்பம்."

சுவரில் சவேரியார் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அறைந்திருந்தது. புதுச் சீருடையோடு எடுக்கிற படத்துக்காம். அப்பாவே கதிரையில் ஏறி அறைந்தவராம். அம்மா இதைச் சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. பழைய சீருடைப் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் தொங்கியதில்லை. ஜெனோசன் சோற்றில் பாரை மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அப்பா பல்கனியில் நின்றார். பியர்சன் விமான நிலையத்தில் இறங்கப் போகிற விமானங்கள் அந்தப் பக்கத்தால்தான் வரும். முன்பெல்லாம் சத்தம் கேட்டால் உள்ளே வந்து கதவைச் சாத்துவார். இன்றைக்குச் சாத்தவில்லை, ஆனால் கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்ன மகன், சாப்பாட்டில மனம் இல்லை. உடம்பு சுகமில்லையோ?"

மறைக்கலாம் என்றுதான் நினைத்தான். மறைக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே.

"சோதினையில கோட்டை விட்டிட்டன் அப்பா, அந்தப் பயிற்சிப் பெட்டிக்குள்ள. செவ்வாய்க்கிழமை திருப்பி வைக்கினம். அதோட சரி."

"எப்பிடி விட்டனி?"

"எழும்பிப் போக வேண்டிய நேரத்தில கீழ பாத்துக்கொண்டிருந்திட்டன்."

"கீழ என்னத்தைப் பாக்கிறது?"

அத்தனை வருடத்தில் அப்பா அவனுடைய வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. ஜெனோசன் சொல்லத் தொடங்கினான். சுப்பீரியர் ஏரியில் படகு கவிழ்ந்த அண்ணன் தம்பி இரண்டு பேரின் கதை. அலைக்கு நடுவில் செம்மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது, சுற்றித் திரும்பி வந்து பார்த்தால் அது மேலங்கியைக் கழற்றிக் கை காட்டுகிற ஒரு மனிதன்.

"மற்றவன்?"

"தேடினனாங்கள். பிறகு நிப்பாட்டச் சொல்லிச்சினம். தண்ணியின்ர குளிரைப் பாத்து, ஆள் எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு ஒரு கணக்கு வச்சிருக்கினம்."

அப்பா கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு றொனால்ட் என்றார். ஜெனோசன் திடுக்கிட்டான். அந்த வீட்டில் யாரும் வாயெடுக்காத பெயர் அது. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கடல் தாண்டிய இரவில் பின்னால் வந்த வள்ளத்தில் இருந்தவர், அப்பாவின் தம்பி. ஜெனோசன் அப்போது அம்மாவின் மடியில் கைக்குழந்தை. அந்த வள்ளம் வந்து சேரவே இல்லை.

"விடியேக்க ஒரு பிளேன் வந்தது. பதிவா வந்தது. பாயை இழுத்துப் போத்துக்கொண்டு எல்லாரும் படுத்திட்டம். பின்வள்ளத்திலயும் அப்பிடித்தான் படுத்திருப்பாங்கள். பிளேனைக் கண்டா ஒளிக்கத்தான் எங்களுக்குத் தெரியும். கை காட்டலாம் எண்டு ஆர் சொன்னது?"

ஒரு விமானம் விளக்குகளோடு தாழ்ந்து வந்து கட்டடங்களுக்கு அப்பால் போனது. அப்பா அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல ஜெனோசனுக்கு இருந்தது. அவர்கள் கட்டிப்பிடித்துப் பழகாதவர்கள்.

"செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டிக்கு வெளியில, கீழ ஒருத்தரும் இல்லைத்தானே?"

"இல்லையப்பா. வெறும் படந்தான்."

"அப்ப பாராத. போயிடு." சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அதே மூடுபனியைத்தான் போட்டார்கள். வலது பக்க இருக்கையில் ஜெனோசன் வாரை இறுக்கிக்கொண்டான். இரவு சரியாகத் தூங்காத கண்கள் எரிந்தன. உயரம் குறைந்து வந்தது. கண்ணாடிக்கு வெளியே சாம்பல், சாம்பலைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சாம்பலுக்குள் ஒரு வள்ளம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"கோ-அரவுண்ட்."

தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. இடது கை விசையை முழுதாக முன்னே தள்ளியது. மூக்கு நிமிர்ந்தது, பெட்டி முழுவதும் அதிர்ந்தது. செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னான், சக்கரத்தைத் தூக்கச் சொன்னான். எல்லாம் சரியாக வந்தது. பின்னால் பயிற்றுநர் பொத்தானைத் தொடவில்லை. யாரையோ தண்ணீரில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. மேலே ஏற ஏறப் பனி வெளுத்து, அந்தப் பெட்டியின் பொய்ச் சூரியன் முகத்தில் அடித்தது. கண் கலங்கியதை இருமி மறைத்தான். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவன் விடவில்லை. வலது பக்கக் கண்ணாடியின் ஓரத்தில், பார்க்காமல் விட்ட அந்தச் சாம்பல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.