நானூற்றுப் பன்னிரண்டு கூட்டாளிகள்

இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி இருப்பது கோகிலவாணிக்கும், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவளைச் சோதித்தவர்களுக்கும் மட்டுந்தான் தெரியும். ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். முடிவு வர எட்டு நாள் ஆகுமாம். தெரிந்த பிறகு பெங்களூரில் கட்டட வேலை செய்யும் புருஷனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று, நைனார்பாளையத்துக்குத் திரும்பி வழக்கம்போல மரவள்ளிக் காட்டுக்குக் களையெடுக்கப் போனாள்.

நாலாம் நாள் அவனே கூப்பிட்டான்.

"உனக்கு மாருல கேன்சராமே? அம்மா போன் பண்ணி அழுவுது. எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா உனக்கு?" இளமாறனின் குரல் உடைந்திருந்தது.

போனை வைத்த கோகிலவாணி நேரே மாமியார் குஞ்சம்மாளிடம் போய் நின்றாள்.

"யாரு சொன்னது உனுக்கு?"

"யாரு சொல்லணும்? நிர்மலா உன் போன்ல நாடகம் பாத்துக்கினு இருந்தா. ஆஸ்பத்திரிலருந்து வந்துக்கினே இருக்குதாம். 'மார்பில் கட்டியா, புற்றுநோயா, உடனே வாங்க'ன்னு. என்கிட்ட மறைச்சிட்டியேடி!"

நாத்தனார் நிர்மலா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். மறுநாள் காட்டில், கோகிலவாணி வாய் வைத்த சொம்பை வேறு யாரும் தொடவில்லை. அமிர்தம் என்கிறவள் அதை வரப்போரம் தள்ளிவைத்துவிட்டு, "தப்பா நெனைக்காத" என்றாள். அன்று மாலை போனைத் திறந்தபோது, மாடி மாடியாய் ஒரு ஆஸ்பத்திரிப் படமும் அதே கேள்வியும் அவளையே பார்த்து நின்றன.

விடிந்ததும் பஸ் ஏறினாள். கட்டுப் போடும் அறையில் நர்ஸ் சந்திரலேகா இருந்தாள். அன்று ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

"உங்கள நம்பித்தான சட்டையக் கழட்டுனேன்? போனுக்கு அனுப்பி என் ஒடம்ப ஊருக்கே காட்டிட்டீங்களே, சிஸ்டர்!" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

சந்திரலேகாவின் முகம் சிவந்துவிட்டது. "வாய அளந்து பேசுங்க. நான் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைலருந்து எங்க சொந்தக்காரங்களே பேஷண்டா வருவாங்க. அவங்க பேச்சக்கூட வெளில வுட்டதில்ல. இன்னா வந்துச்சு? காட்டுங்க."

போனை வாங்கிப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு, "இது எங்க ஆஸ்பத்திரியே இல்ல. ஏதோ பிரைவேட்காரன் விளம்பரம். கட்டியப் பத்தி போன்ல தேடிப் படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன். ஊசி போட்ட அன்னிக்கி, பஸ்ல வரும்போது."

"முன்னாடி ஒரு பெட்டி வந்து மறைச்சிருக்குமே, குக்கீன்னு?"

வந்ததுதான். எழுத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி, அதில் பச்சையாகப் பெரிய பொத்தான். அதை அமுக்கினால்தான் போகும் என்று அமுக்கியிருந்தாள்.

சந்திரலேகா அந்தப் பக்கத்தைத் திறந்து, பச்சைக்குக் கீழே கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தை அமுக்கினாள். ஒரு பட்டியல் விரிந்தது. 'எங்கள் 412 கூட்டாளிகள்.'

"நீங்க இன்னா படிக்கிறீங்கன்னு இத்தினி கம்பெனிக்காரனுக்கும் போவுது. அத வச்சித்தான் விளம்பரம் தொரத்துது."

கோகிலவாணி பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் வாயில் நுழையவில்லை, பட்டியலும் முடியவில்லை.

"யாரு இவனுங்க? என் மாமனா, மச்சானா? என் புருஷனுக்கே சொல்லாதத இத எழுதுனவன் நானூறு பேருக்கு சொல்லியிருக்கான்! கேட்டா, நீதான அமுக்குனன்னு சொல்லுவானா?"

"அதத்தான் சொல்லுவான்."

"சரின்னு சொல்ல ஒரே அமுக்கு. வேணாம்னு சொல்ல இத்தினி படி ஏறணும். இதுக்குப் பேரு கேக்கறதா?"

சந்திரலேகா வழி காட்டினாள், அமுக்கியது கோகிலவாணிதான். அந்த இணையதளத்துக்குக் கொடுத்த சம்மதத்தை மறுத்தாள். போனில் தங்கி, அவள் படிப்பதைக் குறித்துக்கொண்டிருந்த குக்கீகளை அழித்தாள். விளம்பரக்காரர்கள் அவள் போனை அடையாளம் காணும் எண்ணை நீக்கினாள்.

"போனது போனதுதான?" என்று கேட்டாள்.

"போனத வாங்க முடியாது. இனிமே போறது கொறையும்."

அந்தப் பதில் அவள் ஆத்திரத்தை ஆற்றவில்லை. ஆனாலும் திரும்பி, வரிசைக்குக் கேட்கும்படி, "இந்த சிஸ்டர் மேல தப்பில்ல. நான்தான் தெரியாம கத்திட்டேன்" என்றாள். சந்திரலேகா சிரிக்கவில்லை. "அடுத்த ஆளு வாங்க" என்று பஞ்சை எடுத்தாள்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. பயமில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்று இளமாறனைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லியாம். முதல்ல உனக்குத்தான் சொல்றேன்" என்றவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்தப் பக்கம் அவனும் அழுதான்.

ஊருக்குத் திரும்பியவளை நிர்மலா வாசலிலேயே மறித்தாள். "இன்னா அண்ணி, இன்னா சொன்னாங்க?"

"சொல்லவேண்டியவருக்கு சொல்லிட்டேன்" என்று உள்ளே போனாள் கோகிலவாணி.