தந்தியின் வலது காலும் ஒரு முழு மூச்சும்

தந்தியின் வலது கால் பிறந்ததிலிருந்து நின்றதில்லை. உட்கார்ந்தால் போதும், முட்டி கடகடவென்று ஆடத் தொடங்கிவிடும். தந்தி அடிக்கிற மாதிரி தட்டுகிறான் என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவனோடு ஒரே மேசையில் காபி குடிப்பவர்களுக்குக் கரண்டி தேவையில்லை, சர்க்கரை தானாகக் கரைந்துவிடும். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டுக்கு இடுப்புவலிக்காரர்கள் முண்டியடிப்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை, நுரையீரலின் காற்றுப்பைகளைப் படமெடுப்பது. ஒரு கடுகு இருக்கும் இடத்தில் அவை ஆயிரம் குடியிருக்கும். மூச்சு போகும்போது எப்படி விரிகின்றன, வரும்போது எப்படிச் சுருங்குகின்றன என்று பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலியின் நுரையீரல், அதற்கு மூச்சு ஊட்ட ஒரு பம்ப், மேலே மைக்ராஸ்கோப்பும் கேமராவும். பம்பைப் பார்த்துக்கொண்டது தந்தியின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். எல்லாருக்கும் மேலே மேடம்.

படமெடுக்கும்போது அறையில் இருக்கும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். மேசை சற்றும் அதிரக் கூடாதாம். மூன்று பேர் மூச்சைப் பிடித்தார்கள். காலை மட்டும் யாரும் பிடிக்கவில்லை. ஆகவே படத்தில் காற்றுப்பைகள் விரிவதும் சுருங்குவதும் போக, இடையிடையே குலுங்கவும் செய்தன. இது பெரிய கண்டுபிடிப்பு என்று மேடம் மூன்று மாதம் நம்பினார். நாலு ஊரில் போய்ப் பேசியும் விட்டார். பிறகு ஒருநாள் தந்தி காய்ச்சலில் லீவு போட்டான். அன்று காற்றுப்பைகள் குலுங்கவில்லை. நுரையீரலுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் மேடம் முதலில் நினைத்தார்.

குட்டு வெளிப்பட்டதும் மேலிடம் கெடு வைத்தது. குலுங்காத படமாக ஒரே ஒரு முழு மூச்சு வேண்டும். இல்லையென்றால் இன்று நாலு மணிக்கு மைக்ராஸ்கோப் எலும்புப் பிரிவுக்குப் போய்விடும். எலும்பு சொன்ன பேச்சைக் கேட்கும், வைத்த இடத்தில் கிடக்கும். மூன்று மணிக்கே எலும்புப் பிரிவு ஆட்கள் தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

தந்தியை வெளியே அனுப்பிவிடவும் வழியில்லை. நுரையீரல் உப்பும்போது காற்றுப்பை பார்வையை விட்டு நழுவும். மைக்ராஸ்கோப்பின் திருகைத் தடவித் தடவி அதன் பின்னாலேயே போக அவன் விரல்களால்தான் முடியும். அந்த விரல்களுக்கு நடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. உடம்பின் நடுக்கத்தையெல்லாம் கால் குத்தகைக்கு எடுத்திருந்தது.

காலை நாற்காலியோடு கட்டினார்கள், நாற்காலி ஆடியது. மச்சான் தொடைமேல் ஏறி உட்கார்ந்தார். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் நாலு துண்டாக வந்தது. மணி மூன்றே முக்கால். தள்ளுவண்டிச் சக்கரம் வாசலில் முன்னும் பின்னும் கிறீச்சிட்டது.

இந்த மைக்ராஸ்கோப் போனால் தந்தியைப் பழையபடி கண்ணாடித் தகடு கழுவ அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் அவன் வாயைத் திறந்தான்.

“மேடம், கால நிறுத்த வேணாம். கேமராவ காலோட சேத்துக் கட்டிடுங்க. முட்டி மேல வர்றப்ப மட்டும் படம் எடுக்கட்டும். ஒவ்வொரு தடவையும் மேசை ஒரே எடத்துலதானே இருக்கும்? ஆட்டம் படத்துல தெரியாது.”

மேடம் அவனையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலிங்பெல் சுவிட்ச் ஒன்றைக் கழற்றி வந்து தாமே அவன் முட்டியில் வைத்துக் கட்டி, வயரைக் கேமராவில் செருகினார். முட்டி மேலே வந்து மேசையடியில் இடிக்கும்போதெல்லாம் சுவிட்ச் அமுங்கும். ஒரு மூச்சு ஐந்து வினாடி. அந்தக் கணக்குக்கு முப்பது ஆட்டம், முப்பது படம்.

எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மச்சான் பம்பை முடுக்கினார். கால் தட்டியது, கேமரா சொடுக்கியது, திரையில் காற்றுப்பைகள் முதல்முறையாகக் குலுங்காமல் தெரிந்தன. மெல்லிய சுவர்கள், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, அரும்பிலிருந்து பூ வரைக்கும் வந்தன. தந்தி தள்ளுவண்டியையும் மறந்து வாயைப் பிளந்து பார்த்தான். இப்படி ஒன்று தன் நெஞ்சுக்குள்ளும் நடக்கிறதா?

பதினைந்தாவது படத்தோடு கேமரா நின்றது. கால் நின்றுவிட்டிருந்தது.

நாற்பது வருஷத்தில் முதல்தடவை. ஆட்டிப் பார்த்தான், கடன் வாங்கிய கால் போல நொண்டியது. மேடம் அதட்டினார், கெஞ்சினார், கடைசியில் காலிடமே நேராகப் பேசிப் பார்த்தார். தள்ளுவண்டி அறைக்குள் வந்துவிட்டது.

பாதி மூச்சில் நிறுத்தி வைத்த பம்பை விட்டு மச்சான் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. “மாப்ள, காலைல இஸ்திரிப் பெட்டிய ஆஃப் பண்ணினியா?” என்றார் சாவகாசமாக.

கால் பிய்த்துக்கொண்டு கிளம்பியது, மச்சான் பம்பை மறுபடி முடுக்கினார். பதினாறு, இருபது, முப்பது. விரிந்து நின்ற காற்றுப்பைகள் மெல்லச் சுருங்கி அடங்கின. ஒரு முழு மூச்சு. எலும்புப் பிரிவு ஆட்களும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். விட்டுவிட்டு, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேடம் திரையை விட்டு நகரவில்லை. தந்தி சுவிட்சை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்தான்.

“மச்சான், நெஜமாவே நான் ஆஃப் பண்ணலியா?”

“எனக்கென்ன தெரியும்? நான் உங்க வீட்டுப் பக்கம் வந்து பத்து நாளாச்சு.”

அவன் அப்போதே படியிறங்கிவிட்டான். போட்டிருந்த சட்டை கசங்கியிருப்பதும், அன்று இஸ்திரியே போடவில்லை என்பதும் பாதி வழியில்தான் உறைத்தன. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. நேற்றுப் போட்டானே, அதை ஆஃப் பண்ணினானா?