பதினொரு தொட்டியும் ஒரு தும்மலும்

மூன்றாவது பிள்ளையை வீட்டில்தான் பெறுவேன் என்று ஸஜீதா பிடிவாதமாக நின்றதற்கு ஒரே காரணம் அவளுடைய புருஷன் ஜவாஹிர்.

முதல் பிள்ளை பிறந்தபோது ஜவாஹிர் த்ரீவீலரை சேர்விஸுக்கு விட்டுவிட்டு கராஜ் வாங்கில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பிறந்தபோது பிரான்சிலிருந்து வந்த ஒரு சோடியோடு சீகிரியாக் குன்றின் உச்சியில் நின்று அவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவையும் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை துடைத்துச் சுற்றிக் கிடத்தப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தேத்தண்ணிக் கடையில் சொன்னான்:

"நம்ம வீட்டாளுக்குப் பிரசவம்னா ஒரு தும்மல் மாதிரி."

ஆறு வருஷமாக அந்தத் தும்மல் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. கலியாண வீட்டுக்குப் போனால் பெண்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு என்ன ராத்தா, தும்மிட்டு எழும்பி சோறாக்கப் போயிடுவீங்களாமே" என்பார்கள். முதலாவதுக்குப் பத்தொன்பது மணித்தியாலம், இரண்டாவதுக்குப் பதினான்கு. ஸஜீதா கணக்குச் சொல்லிப் பார்த்தாள். தும்மலுக்கு முன்னால் கணக்கு எடுபடவில்லை. இந்த முறை அந்த மனுஷன் சுவருக்கு அந்தப் பக்கத்திலாவது நின்று தன் சொந்தக் காதால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருஷம் பிரசவ வாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிட்வைஃப் ஒருவர் அடுத்த சந்தியில் இருந்தார். பெயர் நோனா. சிங்களத்தி, தமிழில் திட்டுவதற்கு மட்டும் சொற்கள் தட்டுப்படாமல் வரும். ஸஜீதா நாலு மாதம் நடந்து கேட்டதில், ஸ்கான் துண்டுகளையும் கிளினிக் அட்டையையும் மூக்குக்கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டுக் கடைசியில் சரி என்றார்.

"ஆனா ஒரு கண்டிஷன். ஒங்கட வாசல்ல இருந்து ரோட்டு வரைக்கும் பாதை வெறுமையா இருக்கணும். த்ரீவீல் மூஞ்சி ரோட்டப் பார்த்து நிக்கணும், டேங்க் ஃபுல்லா. எனக்கு ஏதாச்சும் புடிக்கல்லன்னா ஒரே ஓட்டமா ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழம வந்து பார்ப்பேன். பாதையில ஒரு பூச்சட்டி கிடந்தாலும் நேரா வாட்டுக்குத்தான். விளங்குதா?"

"விளங்குது மிஸ்."

ஸஜீதா வேலையைத் தொடங்கினாள். முன்னறையிலிருந்த அலுமாரியைத் தள்ளி வைத்தாள். சீலைத் துண்டுகளை அவித்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கட்டி வைத்தாள். வளவில் கிடந்த ஓலை, செங்கல், உடைந்த சைக்கிள் எல்லாம் பின்னுக்குப் போயின. புதன்கிழமை காலையில் வாசலிலிருந்து கேட் வரை ஒரு கோழிகூட நிற்காமல் பாதை பளிச்சென்று கிடந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஜவாஹிர் நீல நிறத்தில் ஒரு பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஊதினால் தொட்டியாகிறது. சுற்றிவர டொல்பின் படம். அவன் சவாரி ஏற்றும் ஹோட்டலில் சின்னப் பிள்ளைகள் குளிக்கிறது.

"இது என்னத்துக்கு?"

"தண்ணிக்குள்ள புள்ள பெறுறதுக்கு. கலந்தர் ஹாஜியார்ட மகள் ஜஸ்லா டோஹாவுல அப்பிடித்தானே பெத்தா. வலியே இல்லையாம்."

கலந்தர் ஹாஜியார் ஊரிலேயே பெரிய மிளகு வியாபாரி. டோஹாவில் தொட்டிக்குள் மகள் உட்கார்ந்திருந்த படத்தைக் கழுத்துக்கு மேலே மட்டும் வெட்டியெடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, மிளகு விற்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருந்தார். அன்றிலிருந்து ஊரில் பிரசவம் இரண்டு சாதியாகிவிட்டது: தொட்டிப் பிரசவம், தொட்டி வாங்க வக்கில்லாத பிரசவம்.

"எனக்குத் தொட்டி வேணாம்."

"செலவப் பார்க்காத புள்ள. இது சும்மா கிடைச்சது."

"செலவில்லங்க. எனக்கு வேணாம். தரையில பாய், பாய்க்கு மேல மெத்தை, மெத்தைக்கு மேல நான். தண்ணி குடிக்கிறதுக்கு ஒரு கிளாஸ். போதும்."

ஜவாஹிர் அவளை இரக்கத்தோடு பார்த்தான். அந்தப் பார்வையோடு அவன் கடைக்குப் போனான். கடையிலிருந்து விஷயம் கலந்தர் ஹாஜியாரிடம் போனது. ஹாஜியார் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார்: "நம்ம ஊர்ப் புள்ள ஒண்டு தொட்டி இல்லாம வெறுந்தரையில பெறப்போகுது. நாங்க எல்லாரும் உயிரோடதானே இருக்கோம்."

வியாழன் காலையிலிருந்து தொட்டிகள் வரத் தொடங்கின.

முதலில் ஹாஜியாரின் சொந்தத் தொட்டி, மிளகு ஊறப்போடுவது, இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வீட்டு றமீஸா கந்தூரிக்குப் புரியாணி ஆக்கும் தேக்சாவைக் கொண்டுவந்து இறக்கினாள். "நல்லாக் கழுவிட்டேன் ராத்தா, ஏலக்காய் வாசம் மட்டும் போகல்ல." முனாஸ் ஒரு பிளாஸ்டிக் தாங்கியைக் குறுக்கே அறுத்து இரண்டாக்கி, எது வசதியோ அதை எடுங்கள் என்று இரண்டையும் வைத்துவிட்டுப் போனான். வெளிநாட்டுக்காரர்களைக் குளத்தில் சுற்றிக்காட்டுகிற பஸீர், குளம் வற்றிக் கிடப்பதால் சும்மா இருந்த தன் வள்ளத்தையே டிராக்டரில் ஏற்றிவந்தான்.

"வள்ளத்துல எப்பிடிப் பெறுறது, பஸீர் நானா?"

"உள்ளுக்குத் தண்ணி நிரப்பினா தொட்டிதானே தங்கச்சி. இருபத்திரெண்டு வருஷம் தண்ணிய வெளிய வெச்சிருந்த வள்ளம். உள்ளுக்கும் வெச்சிருக்கும்."

அசர் தொழுகைக்குள் பதினொன்று சேர்ந்துவிட்டன. எல்லாம் வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில், அவள் பெருக்கி வைத்த பாதையில். வெறுமையான இடம் ஊரிலேயே அது ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

அதோடு விட்டார்களா? அது புரட்டாதி வறட்சி. கிணறெல்லாம் அடியில் சேறு. மூன்று நாளைக்கு ஒரு தடவை பவுசர் வந்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகும். அன்றைக்கு வந்த பவுசரை ஊர் கூடி ஸஜீதாவின் வளவுக்குள் திருப்பி, பதினொன்றையும் விளிம்புவரை நிரப்பிவிட்டு, நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போனது.

வெள்ளி காலையில் வந்த நோனா மிஸ் கேட்டடியிலேயே நின்றார். தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வள்ளத்தில் கண் அதிக நேரம் நின்றது.

"ஸஜீதா, நீ புள்ளதானே பெறப்போறாய்? மீன் இல்லையே?"

"மிஸ், நான் ஒண்டும் கேக்கல்ல."

"இதுக்குள்ளால த்ரீவீல் போகுமா? நான் போவேனா? நாளைக்குக் காலையில இது இப்பிடியே இருந்தா ஒன்ன வாட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நானே விட்டுட்டு வருவேன்."

ஸஜீதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்காரர்களை வரவழைத்தாள். தூக்கிப் போங்கள் என்றாள். நிரம்பிய தொட்டியை யார் தூக்குவது? அப்படியென்றால் ஊற்றிவிட்டுத் தூக்குங்கள் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"இந்த வறட்சிக் காலத்துல தண்ணிய மண்ணுல ஊத்துறதா?" என்றார் கலந்தர் ஹாஜியார். "அல்லாஹ் கேட்டா என்ன சொல்றது?"

"அப்ப வீட்டுக்கு அள்ளிட்டுப் போங்க."

"உனக்குன்னு நேர்ந்து நீயத்து வெச்ச தண்ணிய நாங்க குடிக்கிறதா?"

"ஹாஜியார், எனக்கு வேணாம்னு சொல்றேனே."

"நீ வெக்கப்படுறாய் மகள். வெக்கப்படாத."

முட்டி மோதுவதற்குச் சுவர் ஒன்று கிட்ட இருந்தது. வயிறு தடுத்தது. அவர்கள் போன பிறகு ஜவாஹிர் வந்து, "தம்புள்ளை டவுனுக்கு ஒரு ஹயர் ஓட்டம் இருக்கு, நாளைக்கு அசருக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றான்.

"வலி எடுத்தா?"

"உனக்கு என்ன, தும்..." என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினான்.

வலி சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு வந்தது. ஸஜீதா போன் பண்ணியதும் நோனா மிஸ் தொட்டிகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பெட்டியைத் தலைக்கு மேலே பிடித்து, திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். காலையிலேயே வந்திருக்க வேண்டியவர். பவுசர் தண்ணீர் ஸஜீதா வீட்டுக்குப் போய்விட்டதால் அவருக்கு உடுப்புத் துவைக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

"கட்டு உடுப்ப. வாட்டுக்குப் போறோம். ஜவாஹிர், அந்த வள்ளத்தத் தள்ளு, இப்பவே."

அசருக்கு ஹயர் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த ஜவாஹிர் வெளியே வந்தான். வந்தவன் அப்படியே நின்றான்.

வேலியைத் தாண்டி யானை வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த, கொம்பில்லாத கிழட்டு யானை. குளம் வற்றி மூன்று கிழமை. எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றிருந்த அதற்குப் பதினொரு தொட்டித் தண்ணீரின் வாசம் போயிருக்கிறது. ஏலக்காய் வாசமும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

வேலியை அது உடைக்கவில்லை. ஓரமாக மடித்து வைத்துவிட்டு வந்தது. முதலில் தேக்சா, ஒரே உறிஞ்சல். முனாஸின் இரண்டு பாதித் தாங்கிகளும் எது வசதியென்ற யோசனையில்லாமல் இரண்டும் காலி. வள்ளத்துக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. குடிக்கக் குடிக்கக் காலித் தொட்டியைக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனது. ஊர்க்காரர்கள் இரண்டு நாளாகச் செய்ய மாட்டோம் என்ற வேலையை அது கூலி கேட்காமல் செய்வதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் வலிக்கும் நடுவில், ஸஜீதா பார்த்தாள்.

கடைசியாக ஹாஜியாரின் மிளகுத் தொட்டி. நாற்பது வருஷத்து மிளகு அடியில் ஊறிக் கிடந்த தொட்டி. யானை துதிக்கையை முழுதாக உள்ளே விட்டு, கண்ணை மூடி, இழுத்தது.

பிறகு தும்மியது.

நம்புகிறவர்கள் நம்பட்டும், றமீஸா வீட்டுக் கூரையில் பறந்துபோன ஓடுகளை எண்ணிப் பார்க்க இன்றைக்கும் வசதியிருக்கிறது. டொல்பின் தொட்டி எழும்பிப் பறந்து பஸீரின் தென்னையில் மாட்டியது. வள்ளம் கரையோரமாய் ஒதுங்குவதுபோல வேலியோரம் போய்ச் சேர்ந்தது. மூன்று வீட்டுக் கோழிகள் வீடு மாறின. வாசலிலிருந்து கேட் வரை பாதை, புதன்கிழமை காலையில் இருந்ததைவிடச் சுத்தமாகக் கிடந்தது.

உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்ற புருஷனை ஸஜீதா பார்த்தாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்:

"பார்த்தீங்களா? தும்மல்னா அது. இப்ப வந்து இதப் பாருங்க."

நோனா மிஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "பாதை சரி," என்றார். "ஆனா கேட்டுல யானை."

யானை கேட்டை மறித்து நின்றது, கண்ணிலும் துதிக்கையிலும் தண்ணீர் வடிய. ரோட்டில் நின்ற த்ரீவீலர் அதற்கு முழங்காலுயரம். நோனா மிஸ் வனஜீவிக் காரியாலயத்துக்குப் போன் பண்ணி சிங்களத்தில் ஐந்து நிமிஷம் பேசினார். கேட்டவர் காதைத் துடைத்திருப்பார். பிறகு ஸஜீதாவைச் சோதித்துப் பார்த்துக் கையைக் கழுவினார்.

"புள்ள யானைக்குக் காத்துட்டு இருக்காது. ஜவாஹிர், இங்க வா. பின்னுக்கு உட்கார்ந்து இவளத் தாங்கிப் புடி."

"நானா? மிஸ், நான் வெளிய நிண்டு..."

"வெளிய யானை நிக்குது. நீ எங்க நிக்கப்போறாய்?"

ஜவாஹிர் உட்கார்ந்தான். ஸஜீதா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மூன்றரை மணித்தியாலம் விடவில்லை. இடையில் அவன் இரண்டு தடவை, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான். இரண்டு தடவையும் நோனா மிஸ் அவனுக்கு அவனுடைய தாயை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தான். "அழாம இறுக்கிப் புடிங்க" என்று ஸஜீதாதான் அதட்ட வேண்டியிருந்தது.

மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் பெண்பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ நூறு. நீரில்லாத வீட்டில் பிள்ளையைத் துடைக்க, ஸஜீதா புதன்கிழமையே அவித்து ஆறவைத்து மூடியிருந்த ஒரு பானைத் தண்ணீர் போதுமாயிருந்தது. ஜவாஹிர் பிள்ளையின் வலது காதில் பாங்கு சொன்னான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பாங்கு முடிந்ததும் யானை, தனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதுபோலத் திரும்பிக் காட்டுப் பக்கம் போனது. யானைவெடியோடு ஜீப் வந்தது அதற்கும் அரை மணித்தியாலம் பிறகு.

மூன்றாம் நாள் ஊர் திரண்டு வந்தது. பிள்ளையைப் பார்க்க பெண்கள் உள்ளே. யானைக் கதை கேட்க ஆண்கள் வாசலில். முன்னறையில் படுத்திருந்த ஸஜீதாவுக்கு வாசல் பேச்செல்லாம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஆறு வருஷத்துத் தும்மல் இப்போது வரும்.

"யானை எவ்வளவு பெரிசு ஜவாஹிர்?" இது பஸீர்.

"யானை ஒரு விஷயமில்ல நானா."

"அது எப்பிடி? வள்ளத்தையே காலி பண்ணிட்டுது."

"சொல்றேனே, யானை ஒரு விஷயமில்ல. உள்ளுக்க நடந்தது வேற."

கலந்தர் ஹாஜியார் தொண்டையைச் சரிசெய்தார். "தொட்டி இருந்திருந்தா அந்தக் கஷ்டம் இல்ல மகன். ஜஸ்லாவுக்கு ஒண்டுமே தெரியல்லையாம். தும்மல் மாதிரியாம்."

"யாரு சொன்னா, ஹாஜியார்?"

"வேற யாரு, மருமகன்தான்."

"அவரு உள்ளுக்க இருந்தாரா?"

"எங்க! காரப் பார்க் பண்ணப் போயிருந்தாராம்."

உள்ளே ஸஜீதா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அப்ப நீங்க ஜஸ்லாகிட்ட ஒருக்காக் கேளுங்க ஹாஜியார்," என்றான் ஜவாஹிர். "தனியாப் பேசுங்க. மருமகன் பக்கத்துல இல்லாத நேரமா பார்த்து."

ஹாஜியார், வேறு யாரிடமோ கேட்கிற குரலில், மிளகுத் தொட்டியை எப்போது எடுத்துப் போகலாம் என்று விசாரித்தார்.

"இப்பவே எடுங்க," என்று உள்ளேயிருந்து ஸஜீதா சத்தம் கொடுத்தாள். "போற வழியில அந்த வள்ளத்தையும் இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க பஸீர் நானாவ. வேலி கட்ட விடாம மறிக்குது."